மீதி வெந்நீர்

பல் டாக்டரின் கிளினிக்கில் அவளை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் நர்ஸுக்குப் படித்தவள் இல்லை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பதால் வந்து ஒட்டிக்கொண்ட பட்டம் அது. டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்திருப்பவர்கள் பார்ப்பது டாக்டரை அல்ல, பக்கத்தில் நிற்கும் சிஸ்டரை. வலிக்குமா என்று கண்ணாலேயே கேட்பார்கள். ஊசி ஈறுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் "வலிக்கவே வலிக்காது" என்பாள். அப்படி ஒரு முகம் அவளுக்கு. அந்த முகத்தை நம்பி எத்தனையோ பேர் பல்லைக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த வேலைக்கு அவள் விண்ணப்பம் போட்டுச் சேரவில்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளத்தான் போனாள். அன்றைக்கு டாக்டரின் உதவியாள் வரவில்லை. அடுத்த ஆளுக்குக் கொஞ்சம் விளக்கைப் பிடிக்க முடியுமா என்று டாக்டர் கேட்டார். அவள் வாய் மரத்துப்போயிருந்தது. முடியாது என்று சொல்ல வரவில்லை. விளக்கைப் பிடித்தாள். மறுநாளும் வரச் சொன்னார், வந்தாள். மரத்த வாய் அன்று மாலையே சரியாகிவிட்டது என்றாலும், முடியாது என்ற சொல் மட்டும் அதற்குப் பிறகும் திரும்பி வரவில்லை. அதற்கு முன்னாலும் இருந்ததாகச் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று வீட்டில் கேட்டபோது "பரவாயில்லை" என்றவள் அவள். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

கிளினிக்கில் பாதி நாள் அவள் நிற்பது கருவிகளை ஆவியில் வேகவைக்கும் இயந்திரத்தின் முன்னால். ஊரார் வாய்க்குள் போய் வந்த குறடுக்கும் கொக்கிக்கும் குட்டிக் கண்ணாடிக்கும் அங்கே ராஜ உபசாரம். கழுவி, துடைத்து, உள்ளே அடுக்கி, கொதிக்கக் கொதிக்கக் குளிப்பாட்டி வெளியே எடுப்பாள். குளிப்பாட்டுகிறவளுக்கு மட்டும் கல்யாணமானதிலிருந்து ஒரு நாள்கூட மனசாரக் குளிக்க வெந்நீர் கிடைத்ததில்லை. இதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. குறை என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை என்பதுதான் இதில் விசேஷம்.

வீட்டில் குளியல் என்பது ஒரு தனி நிர்வாகம். நடையின் கோடியில் குளியலறை. கதவுக்கு வெளியே, தோள் உயரத்தில், சிவப்பு விளக்கு வைத்த ஹீட்டர் சுவிட்ச். அதற்கு அதிபதி அவள் வீட்டுக்காரர். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற அதிகாரி அவர். கட்டுக் கட்டாக வரும் பெட்டிகளில் மேலே இருப்பதை எடுத்து நான்கு மூலையிலும் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். மேலே இருப்பது தேறினால் கட்டு முழுவதும் தேறியது. அடியில் இருக்கிற பெட்டி நசுங்கிக் கிடந்தால் அது அந்தப் பெட்டியின் தலையெழுத்து. இந்த முறையில் தப்பே வந்ததில்லை என்று அவர் சொல்வார். வேறு யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

காலையில் எழுந்ததும் அவர்தான் சுவிட்சைப் போடுவார். முதல் குளியல் அவருக்கு, ஏனென்றால் கரண்டு பில் அவர் பெயரில் வருகிறது. அடுத்தது மகள்களில் பெரியவளுக்கு. அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள், தலைமுடி நீளம். பிறகு கல்லூரிக்குப் போகிற சின்னவளுக்கு. அவளுக்கு நாக்கு நீளம், காத்திருக்க வைக்க முடியாது. சின்னவள் உள்ளே நுழைந்து தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டதும் அவர் சுவிட்சை அணைத்துவிடுவார். இன்னும் ஓர் ஆள் பாக்கி என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தொட்டியில் மீதி இருக்கும், அவளுக்கு அது போதும் என்பார். போதும் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. தரம் பார்க்கிறவர் ஆயிற்றே.

மீதியை வைத்துக் குளிப்பதில் சிஸ்டர் கை தேர்ந்தவள். குழாயை அகலத் திறந்தால் தொட்டிக்குள் பச்சைத் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கி இருக்கிற சூட்டையும் கலைத்துவிடும். அதனால் நூல் கனத்துக்குத்தான் திறக்க வேண்டும். சூடு குறைகிறது என்று விரலில் பட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும். அப்போது உள்ளே ஒளிந்திருக்கும் கடைசிச் சூடு மெல்ல மெல்ல இறங்கி வரும். வாளி நிறைய நேரமாகும். அதற்குள் மூன்று பேர் அவிழ்த்துப் போட்டதை அலசிவிடுவாள், தரையைத் தேய்த்துவிடுவாள். கடைசியில் வாளியில் இருப்பதை வெந்நீர் என்று சத்தியம் செய்ய முடியாது. பச்சைத் தண்ணீர் என்றும் சொல்ல முடியாது. இந்த வித்தையில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. வேறு எந்த வேலையில் இத்தனை சாமர்த்தியம் காட்டியிருந்தாலும் கூப்பிட்டுச் சால்வை போர்த்தியிருப்பார்கள்.

அந்த ஹீட்டர் ஒரு நாள் கைவிட்டது. அடியில் துருப்பிடித்துச் சொட்டத் தொடங்கியது. பிறகு குழாயைத் தொட்டால் விரல் சுருக்கென்றது. சிஸ்டர் இதைப் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அது காற்றோடு போயிற்று. சின்னவள் ஷாக் அடிக்கிறது என்று தலை நிறைய நுரையோடு வெளியே ஓடி வந்த அன்றுதான் ஹீட்டர் அதிகாரபூர்வமாகப் பழுதானது.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்காரர் ஆராய்ச்சியில் இறங்கினார். கரண்டா, கேஸா? சாப்பிடும்போதும் கையில் போன், போனில் யாரோ ஒருவர் ஹீட்டரைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருப்பார். கடைசியில் கேஸ் ஜெயித்தது. தொட்டியே கிடையாது, நின்ற இடத்திலேயே சூடாகி வரும், எத்தனை பேர் குளித்தாலும் தீராது என்று மேஜையைத் தட்டி அறிவித்தார். இதெல்லாம் யாருக்காக என்று அவரே கேட்டு, அவரே பதிலும் சொன்னார்.

"உங்க அம்மாவுக்காகத்தான். பாவம், எப்பவும் கடைசியாவே குளிக்கிறா. இனிமே அவளுக்கும் சுடச்சுட வரும்."

சிஸ்டர் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றது. இவர் கவனித்திருக்கிறார். இத்தனை வருடமாகத் தெரியாதது போல இருந்தாரே தவிர, கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் கிளினிக்கில் அந்தச் சந்தோஷத்தில் தடுமாறி, ஒரு நோயாளியிடம் "கொஞ்சம் வலிக்கும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் பல்லோடு எழுந்து போய்விட்டார்.

ஹீட்டர் வருவதற்கு முன்பே அதன் புகழ் பரவிவிட்டது. அவர் தன் அக்காவுக்குப் போன் செய்து, மனைவிக்காக வாங்குகிறேன் என்றார். அக்கா உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னாள். மாதக்கணக்கில் பேசாதவர்கள்கூட போன் செய்து, கொடுத்து வைத்தவள் நீ என்று சிஸ்டரிடம் பெருமூச்சு விட்டார்கள். இவ்வளவு பேர் சேர்ந்து ஒருத்தியைக் கொடுத்து வைத்தவள் ஆக்கிவிட்டால், அதற்குப் பிறகு அவள் இஷ்டத்துக்கு வாயைத் திறந்துவிட முடியுமா?

ஹீட்டரை மாட்டக் கேஸ்காரர் வந்த அன்று அவள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். சுவரைத் துளைத்தால் தூசி விழும், தூசியைப் பெருக்க ஆள் வேண்டும், பெருக்குகிறவளே டீயும் போட்டுவிடலாம். குளியலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் பால்கனி. அங்கே வெளிச்சுவரில் வெள்ளைப் பெட்டியை மாட்டி, சிலிண்டரைப் பொருத்தி, புதுக் குழாயை உள்ளே கொண்டு வந்தார் கேஸ்காரர். வேலை முடிந்ததும் குளியலறை வாசலில் ஒரு சின்னக் கூட்டம் கூடியது. அவள் வீட்டுக்காரர், பெரியவள், சின்னவள், வேடிக்கை பார்க்க வந்த எதிர் வீட்டுக்காரர். கேஸ்காரர் குழாயைத் திறந்து காட்டினார்.

"குழாயை நல்லா முழுசா திறந்துடணும். தண்ணி வேகமா போனாதான் உள்ள தீ பத்தும். கொஞ்சமா திறந்தீங்கன்னா பச்சைத் தண்ணிதான் வரும்."

நான்கு பேரும் தலையாட்டினார்கள். எதிர் வீட்டுக்காரர், தன் வீட்டில் இல்லாத ஹீட்டருக்காக, இரண்டு தடவை ஆட்டினார். ஹீட்டர் யாருக்காக வாங்கப்பட்டதோ அவள் அந்த நேரம் அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். தட்டோடு அவள் வந்தபோது விளக்கம் முடிந்திருந்தது. டீ பிரமாதம் என்றார் கேஸ்காரர். அவளுக்கு யாராவது சொல்லிக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். நாலு பேர் இருக்கிற வீட்டில் இதைவிட வசதியான நினைப்பு கிடையாது.

மறுநாள் காலை அவள் வீட்டுக்காரர் குளித்துவிட்டு, தோலெல்லாம் சிவக்க, ஏதோ மலையேறி வந்தவரைப் போல வெளியே வந்தார். பெரியவள் குளித்தாள். சின்னவள் குளித்தாள், பாட்டு வேறு. பிறகு சிஸ்டர் உள்ளே போனாள். புதுக் குழாயை, பழைய பழக்கத்தில், நூல் கனத்துக்குத் திறந்தாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. முதலில் அப்படித்தான் வரும் என்று காத்திருந்தாள். சூடு வரவில்லை. மீதி குறைவாக இருக்கிறது என்று புரிந்துகொண்டு, தனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தாள். குழாயை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

தொட்டி கிடையாது, தீராது என்று அவர் சொன்னது அவள் காதில் விழாமல் இல்லை. ஆனால் அவள் அறிந்த வெந்நீர் இயந்திரங்களுக்கெல்லாம் வயிறு உண்டு. பழைய ஹீட்டருக்கு உண்டு, கிளினிக் இயந்திரத்துக்கு உண்டு. இதற்கும் எங்காவது இருக்கும். தவிர, விளம்பரத்தில் சொல்வதெல்லாம் கடைசி ஆள் வரைக்கும் வந்து சேராது என்பது அவள் அனுபவம். பல்லைக் கடித்துக்கொண்டு குளித்தாள். அது அந்த வருடத்தின் குளிர் தொடங்கிய வாரம்.

வெளியே வந்தால் வாசலிலேயே அவர் நின்றார். கையில் போன், போனில் அக்கா.

"எப்படி இருக்கு?" என்றார், முகமெல்லாம் பல்லாக.

உடம்பு நடுங்காமல் இருக்கத் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கிளினிக்கில் காட்டுகிற அதே முகத்தோடு, நன்றாகக் கொதிக்கிறது என்றாள். அதை அவர் அப்படியே போனுக்குள் சொன்னார். அக்கா அப்படியே உறவுக்காரர்களுக்குச் சொல்லியிருப்பாள். விஷயம் அத்தோடு முடிந்தது. கொதிக்கிறது என்று ஊரறியச் சொன்ன தண்ணீரை மறுநாள் குளிர்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஒருமுறை பெரியவளிடம் மட்டும், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, உனக்குச் சூடாக வருகிறதா என்று கேட்டுப் பார்த்தாள். தோலே உரிகிறது என்றாள் பெரியவள், உனக்கு என்றும் கேட்டாள். எனக்கும்தான் என்றாள் சிஸ்டர். மகள் கண்ணாடி பக்கம் திரும்பித் தலை வாரப் போய்விட்டாள். அம்மாவின் விரல்நுனி நீலம் பாய்ந்திருந்ததைக் கண்ணாடி காட்டியிருக்கும், ஆனால் அதில் இருந்த இடம் முழுவதும் மகளின் தலைமுடி.

குளிர் ஏற ஏற, அவள் குழாயை இறுக்கிக்கொண்டே போனாள். கடைசியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இத்தனை வருட வித்தை எப்படிப் பொய்த்துப்போயிற்று என்று அவளுக்குப் புரியவில்லை. தன் கைக்குத்தான் பக்குவம் போய்விட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வேறு யாரைத் திட்டுவதற்கும் அவளுக்குப் பழக்கம் இல்லை.

கிளினிக்கில் காலையில் முதல் நோயாளி உட்காரும்போது அவள் விரல்கள் மடங்க மறுத்தன. டாக்டர் கையை நீட்டுவார். எந்தக் கருவி என்று அவர் சொல்லவே வேண்டியதில்லை, அது சரியாக அவர் உள்ளங்கைக்குப் போய்ச் சேரும். அப்படித்தான் இத்தனை வருடம் நடந்தது. இப்போது கருவி பாதி வழியில் நழுவியது. ஒரு நாள் தட்டே நழுவி, குறடும் கொக்கியும் நோயாளியின் மடியில் கொட்டின. அந்த மனிதர் வாயில் பஞ்சோடு அலறியது வாசல் வரை கேட்டது.

டாக்டர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. ஓரமாகக் கூப்பிட்டு, தண்ணீர் குடிக்கச் சொல்லி, ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"கை நடுங்குற ஆளை ஊசி எடுத்துக் கொடுக்க வைக்க முடியாதும்மா. கொஞ்ச நாள் பாப்போம். சரியாகலேன்னா நீங்க முன்னாடி உக்காந்து டோக்கன் கொடுங்க. இங்க வேற பொண்ணைப் போட்டுக்கறேன்."

சிஸ்டர் தலையாட்டிவிட்டு உள்ளறைக்குப் போய், ஆவி இயந்திரத்தின் மூடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அழுதாள். உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிற ஓரடி தரை. பயந்து வருகிறவர்கள் அங்கே அவள் முகத்தைத்தான் தேடுவார்கள். டோக்கன் கொடுக்கிற இடத்தில் யார் முகத்தை யார் தேடப்போகிறார்கள்? அந்த இடம் போய்விட்டால் தான் யார் என்றே தனக்குத் தெரியாது என்று நினைத்தபோது அவளுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

அந்தப் பயத்தில்தான் அன்று மாலை, வாழ்க்கையில் முதன்முறையாக, யாரும் கேட்காமலே, தனக்காக வீட்டுக்காரரிடம் வாயைத் திறந்தாள். ஹீட்டரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காலையில் குளித்ததும் ரொம்பக் குளிருகிறது, விரல் மடங்க மாட்டேன் என்கிறது, வேலை போய்விடும் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

அவர் உடனே எழுந்தார். நல்ல மனிதர்தான், சும்மா இருக்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய், குழாயை முழுசாகத் திறந்து, விரலை நீட்டி, "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொண்டார். அவள் வாசலில் நின்று பார்த்தாள். மாலையில் யாரும் குளிக்கவில்லை, இயந்திரத்தின் வயிறு நிரம்பி இருக்கிறது, சூடாக வராமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். அவர் விரலைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"தண்ணி தீயா இருக்கு. இதுல குளிச்சும் உனக்குக் குளிருதுன்னா, கோளாறு உன் உடம்புலதான்."

ஹீட்டர் பாஸாகிவிட்டது, மனைவி பெயிலாகிவிட்டாள். மறுநாளே வெறும் வயிற்றோடு பரிசோதனை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரத்தம் எடுக்கிற பெண் அவள் கையைத் தொட்டதும், என்னம்மா இப்படிச் சில்லென்று இருக்கிறீர்கள் என்றாள். பார்த்தாயா என்பது போல அவர் சிஸ்டரைப் பார்த்தார். ரத்தம் கொஞ்சம் குறைவுதான் என்றார் அங்கிருந்த டாக்டர். அவரிடம் வருகிற பெண்களில் அவர் அப்படிச் சொல்லாத பெண் யாரும் இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது அவள் வயிற்றைப் பிசைந்தது, அதற்கு வேறு மாத்திரை வந்தது. வீட்டுக்காரர் தன் பங்குக்குக் கம்பளிக் காலுறையும் காதை மூடுகிற குல்லாவும் வாங்கி வந்தார். பெண்கள் இருவரும் அம்மாவுக்கு ரத்தம் இல்லை என்று அக்கறையாகப் பேசிக்கொண்டார்கள். அதற்காகக் குளிக்கிற வரிசை மாறவில்லை. நோயாளியை அதிகாலையில் எழுப்பிக் குளிக்க வைப்பார்களா? கடைசியாகவே குளிக்கட்டும்.

இப்படியே குல்லாவோடும் காலுறையோடும் போயிருக்கும். ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் வீட்டுக்காரர் நடையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தார். மற்ற மூன்று பேரும் குளித்தாயிற்று. சிஸ்டர் உள்ளே முக்காலியில் உட்கார்ந்து, சொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குரல் கதவைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது.

"என்ன செஞ்சாலும் அவளுக்குத் திருப்தி கிடையாதுக்கா. வெந்நீர் வச்சுக் கொடுத்தாச்சு. டாக்டர்கிட்ட காட்டியாச்சு. இன்னும் குளிருது குளிருதுங்கிறா. சில பேருக்கு சுகம் ஒத்துக்காது."

சுகம் ஒத்துக்கொள்ளாது! சிஸ்டருக்கு உச்சந்தலையில் ஏதோ ஏறியது. அது கோபம் என்று அவளுக்கு முதலில் தெரியவில்லை, அவ்வளவு புதிது. எழுந்து கதவைத் திறந்து ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தாள், என்ன சொல்வது என்று வரவில்லை. அந்தக் குரல் இனிமேல் காதில் விழக் கூடாது, அவ்வளவுதான். கையை நீட்டி, குழாயை அது போகிற மட்டும் முறுக்கித் திறந்தாள். தண்ணீர் வாளியில் ஓவென்று கொட்டியது. அவர் குரல் மூழ்கிப்போயிற்று.

சற்று நேரத்தில் வாளியிலிருந்து புகை மாதிரி ஆவி எழுந்தது. அவள் கையை வைத்தாள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சுட்டது. நம்ப முடியாமல் குழாயைக் கொஞ்சம் மூடினாள். சில்லென்று ஆயிற்று. முழுசாகத் திறந்தாள். கொதித்தது. மறுபடி மூடினாள், மறுபடி திறந்தாள். அவ்வளவுதான் சங்கதி. வயிறு கிடையாது, மீதி கிடையாது, தீர்வதும் கிடையாது. கெட்டிக்காரத்தனமாக அவள் இறுக்கி இறுக்கி வைத்த குழாய்தான் இத்தனை நாளும் அவளைக் குளிரில் போட்டு வாட்டியிருக்கிறது.

வாளி வாளியாக ஊற்றிக்கொண்டாள். தோள், முதுகு, முழங்கால், எல்லா இடத்திலும் சூடு இறங்கியது. விரல்களை மடக்கிப் பார்த்தாள். மடங்கின. விரித்தாள், விரிந்தன. சத்தம் போட்டு அழுதாள், யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே அழுதாள். கதவைத் தட்டினார்கள். உள்ளே என்ன நடக்கிறது, இவ்வளவு நேரம் எதற்கு என்று வீட்டுக்காரரின் குரல் கேட்டது. அவள் பதில் சொல்லாமல் இன்னொரு வாளி பிடித்தாள்.

முகம் சிவந்து, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட அவள் வெளியே வந்தபோது மூன்று பேரும் நடையில் நின்றார்கள். அவர் கையில் இருந்த போனில் அக்காவும் காத்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் தனக்குப் பச்சைத் தண்ணீர்தான் வந்தது, குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் சூடு வராது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது என்று சிஸ்டர் சொன்னாள்.

அதைத்தான் கேஸ்காரர் அன்றைக்கே சொன்னாரே என்றார் அவர். யாரிடம் சொன்னார் என்று அவள் கேட்டாள். அவர் பெரியவளைப் பார்த்தார். பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். நாக்கு நீளமான சின்னவள் நகத்தைக் கடித்தாள். அம்மா அப்போது எங்கே இருந்தாள் என்று மூவருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஏனென்றால் மூவர் கண்ணும் அடுப்படிப் பக்கம் போய்த் திரும்பின.

ஆனால் அவள் வீட்டுக்காரர் லேசில் தோற்கிறவர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, தெரியாம போச்சு. பச்சைத் தண்ணி வருதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? கேட்டப்போ கொதிக்குதுன்னுதானே சொன்னே?"

அதில் நியாயம் இருந்தது. அதை அவள் மறுக்கவில்லை. ஈரத் தலையை ஒதுக்கிவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"கொதிக்குதுன்னு சொன்னது பொய்தான். ஆனா குளிருதுன்னு சொன்னது நிஜம். அதுக்கு நீங்க என் ரத்தத்தை எடுத்துப் பாத்தீங்க. நான் குளிக்கிற வாளியில கை வச்சு யாரும் பாக்கலை."

போனுக்குள்ளிருந்து அக்கா ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு அவளைத் தாண்டிக் குளியலறைக்குள் போனார். குனிந்து, அவள் மிச்சம் வைத்திருந்த வாளித் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார்.

"சூடாத்தானே இருக்கு" என்றார்.

"ஆமா" என்றாள் சிஸ்டர். "இன்னைக்குத்தான்."